மறுபடியும் ஒன்றாம் நாள்

அன்று சிறுமலை வைத்தியர் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர்: வைத்தியர், என் அப்பா, சித்தப்பா, நான். வராதவள் சித்தி. நோய் சித்திக்குத்தான்.

அவள் வராததற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டி இறக்கிய சாய்ப்பில், தனித்தட்டும் தனிச்செம்புமாக உட்கார்ந்திருந்தாள். மலைக்குப் போக நாள் பார்த்தது அப்பா. அந்த நாள் அவளுக்குத் தோதுப்படுமா என்று கேட்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. கிளம்புகிற நேரத்தில்தான் தெரிந்தது. மலைக்குப் போகிற பஸ்ஸோ எப்போதாவது வருவது. தள்ளிப்போட மனமில்லாமல் ஆண்கள் மூவரும் புறப்பட்டோம்.

"ஆளு இல்லாம எப்பிடிய்யா நாடி பாப்பீக?" என்று சித்தப்பா கேட்டார்.

"கட்டுனவன் வந்திருக்கீல்ல? கையக் குடு" என்றார் வைத்தியர். சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "கபம். நெஞ்சுல கட்டி நிக்குது."

சித்தப்பா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

என்னைக் கூட்டிப் போனது சாட்சிக்காக. ஐந்து வயதிலிருந்து எனக்கு இளைப்பு. போன வருடம் இதே வைத்தியரின் பொடியை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தேனில் குழைத்துத் தின்றேன். அதற்குப் பிறகு இளைப்பு வரவில்லை. வைத்தியர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இந்தப் பயலுக்கு நின்னுச்சு. அந்தப் புள்ளைக்கும் நிக்கும்" என்றார். பிறகு பத்தியம் சொன்னார்: புளி ஆகாது, மீன் ஆகாது, நல்லெண்ணெய் ஆகாது. நடுவில் தீட்டுப் பட்டால் மருந்து முறிந்துபோகும்; தலைக்கு ஊற்றிவிட்டு மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா தலையை ஆட்டினார். சித்தப்பாவும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மாணவன் நான். நாற்பத்தெட்டுக்கும் ஒரு மாதத்துக்கும் உள்ள கணக்கு அன்று எனக்கும் தோன்றவில்லை.

சித்தியை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவள் காலில் தைக்காத முள். வேகமாக நடந்துகொண்டே இருப்பாள். சட்டென்று நிற்பாள். புல்லுக்கட்டை இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்து, பாதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு தேடுவாள்.

"முள்ளு" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

எங்கள் ஊர் சித்தையன்கோட்டைக்குப் பக்கம். நெல்லும் வாழையும் தென்னையுமான நஞ்சைக் காடு. அம்புட்டு முள்ளுக்கு அங்கே இடமில்லை. "இவ ஒருத்தி காலுக்குத்தான் முள்ளெல்லாம் வழி கேட்டு வருது" என்பாள் அம்மா. சித்தி பிறந்தது வடமதுரைப் பக்கத்துக் கரட்டுக் காடு. "அங்கிட்டிருந்தே காலுக்குள்ள கொண்டாந்துட்டா. சீருல அதுவும் ஒண்ணு" என்று சித்தப்பா கேலி செய்வார். சித்தியும் சிரிப்பாள். சிரிப்பைச் சின்னதாக நிறுத்திக்கொள்வாள்.

தண்ணீர்க் குடத்தோடு வந்தால் வாசலில் நின்று கொண்டையை அவிழ்த்து முடிவாள். கூட்டிக்கொண்டிருக்கும்போது விளக்குமாற்றைத் தரையில் குத்திக் குத்தி ஈர்க்குகளை ஒழுங்குபடுத்துவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். பேசினாலும் மூன்று சொல், நான்கு சொல்லுக்கு மேல் போகமாட்டாள். கடிதம் எழுதினால் தந்தி போல எழுதுவாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு எழுதத் தெரியாது.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்போது வீட்டில் நோயாளி நான் ஒருவன்தான், ராஜ நோயாளி. எனக்கு ஆட்டுக்கால் சாறு, மலைத்தேன், நான் சாய்ந்துகொள்ள இலவம் பஞ்சுத் திண்டு. படிக்கப் போகிற பிள்ளை என்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போன நாட்கள் உண்டு. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது.

எனக்கும் அதே நோய் இருந்ததால்தான் சித்தியின் சத்தம் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பதினான்கு வயதானபோது ஒரு நாள் சித்தி அடுப்படியில் மிளகாய் வறுத்துவிட்டு, கொல்லைச் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றாள். பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் போனேன். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி, மிகச் சன்னமாக, மூச்சை விடும்போது மட்டும். எனக்குப் பழகின பூனைக்குட்டி.

"சித்தி, ஒங்களுக்கு எளப்பா?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "சொல்லாத. அப்பு. யாருகிட்டயும்."

"எப்பருந்து?"

"பெரிய மனுசி. ஆனதுலருந்து."

சொன்னேன். அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். எனக்குக் கிடைத்த ஆட்டுக்கால் சாறும் பஞ்சுத் திண்டும் அவளுக்கும் கிடைக்கும் என்றுதான் சொன்னேன். எனக்குச் செய்ததைத்தானே அவளுக்கும் செய்வார்கள் என்று நம்பினேன். அப்படித்தான் அந்தச் சிறுமலைப் பயணம் நடந்தது. சாறு மட்டும் வரவில்லை. "சீக்க மறைச்சுல்ல கட்டிக் குடுத்துட்டாக" என்று அம்மா நான்கு நாள் முணுமுணுத்தாள்.

பொடி வந்தது. நாள் கணக்கு வைக்கும் பொறுப்பு எனக்கு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாற்பத்தெட்டுக் கட்டம் போட்டேன். தினமும் விடியற்காலையில் சித்தி வெறும் வயிற்றில் மருந்தை நக்கிவிட்டு, "போடு" என்பாள். ஒரு கோடு போடுவேன்.

இருபத்து மூன்றாம் கோட்டோடு நின்றது. சித்தி சாய்ப்புக்குப் போய்விட்டாள். மருந்துக் கிண்ணத்தை அம்மா பரணில் தூக்கி வைத்தாள். ஐந்தாம் நாள் சித்தி தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, ஈரமுடியோடு என் முன் உட்கார்ந்தாள்.

"எத்தன?"

"ஒண்ணு, சித்தி."

"ஒண்ணு" என்று அவளும் சொன்னாள்.

அடுத்த மாதம் இருபத்து நான்கு. அதற்கடுத்து இருபத்திரண்டு. ஒவ்வொரு முறையும் ஒன்று. அந்தப் பக்கம் நிறைந்து, அதற்கு முந்தின பக்கத்துக்கு வந்தேன். கோடுகளோடு, இளைப்பு வந்த நாட்களுக்கு ஒரு புள்ளியும் வைக்கத் தொடங்கியிருந்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கணக்குப் பிள்ளையின் பழக்கம். சாய்ப்பின் ஈரத்தாலும் வைக்கோல் தூசியாலும்தான் அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று வீட்டில் சொன்னார்கள். சித்தப்பா சாய்ப்புக்குப் புதுக் கீற்று மேய்ந்தார், தரைக்குச் சாணி மெழுகச் சொன்னார். ஆனால் என் புள்ளிகள் எல்லாம் அவள் சாய்ப்புக்குப் போவதற்கு முந்தின இரண்டு மூன்று நாட்களிலேயே ஆரம்பித்திருந்தன. மாதம் தவறாமல். சாய்ப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஏறி, எழுந்து வரும்போது தணிந்தது. மருந்து இல்லாத நாட்களும் அவைதான்.

இடையில் ஒரு வருடத்துக்கு மேல் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. சித்தி முழுகாமல் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்தப் பொடி ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். அதிசயமாக, அந்த மாதங்களில் அவள் காலில் முள்ளே தைக்கவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு களத்துக்கும் வீட்டுக்கும் நடந்தாள். பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தவழ ஆரம்பித்தபோது ஒரு நாள் வாசலில் நின்று கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். நான் நோட்டைத் தேடி எடுத்தேன்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. நோட்டை அப்பாவிடம் கொண்டுபோய் விரித்தேன். "இங்க பாருங்கப்பா. தூரமாகுறதுக்கு முந்தியே எளப்பு வருது. மாசா மாசம் அதே மாதிரி. நாப்பத்தெட்டு நாளு விடாமத் திங்கணும்னா எந்தப் பொம்பளையாலயும் முடியாதுப்பா. எனக்கு முடிஞ்சது ஏன்னா..."

கன்னத்தில் விழுந்தது. அப்பா என்னை அடித்தது அது ஒரு தடவைதான்.

"ஒன்னயப் படிக்கப் போட்டா, சித்திகாரி நாளுக் கணக்க எழுதிட்டு அலையுறியாடா? வெக்கமா இல்ல? எவனாச்சும் பாத்தா என்ன சொல்லுவான்?"

நோட்டின் அந்த இரண்டு பக்கமும் அடுப்பில் போயின. அப்பா கெட்டவர் அல்ல. அவர் அறிந்த உலகத்தில் பெண்களின் அந்த நாட்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் எண்ணக் கூடாது.

அந்த அறுவடைக்கு முன்னால் அப்பா முடிவாகச் சொன்னார். சித்தி எதிரே நிற்கவில்லை. மூத்தாருக்கு முன்னால் அவள் வருவதும் கிடையாது, பேசுவதும் கிடையாது. கதவுக்குப் பின்னால் இருந்தாள். "களத்துக்கு ஆக மாட்டேங்குறா, அடுப்புக்கு ஆக மாட்டேங்குறா. இந்தத் தடவை ஒரு மண்டலம் சுத்தமா முடிக்கட்டும். அதுக்கும் நிக்கலைன்னா வடமதுரைல கொண்டு விட்டுட்டு, தம்பிக்கு வேற எடம் பாப்போம். பச்சப் புள்ள இங்கனயே இருக்கட்டும்."

சித்தப்பா விரலால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் குழந்தை அழுதது. அதன் வாயை யாரோ பொத்தினது கேட்டது.

அந்த மண்டலத்தில் நான் கோடு போடவில்லை. சுவரில் கரியால் சித்தியே போட்டுக்கொண்டாள். இருபது, இருபத்து மூன்று, இருபத்தைந்து. முப்பது. சாய்ப்பு காலியாகவே கிடந்தது. எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. இருள் பிரியுமுன் துணி அலச வாய்க்காலுக்குப் போய்வந்தாள். இருபத்து மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் அவள் காலில் முள் தைத்துக்கொண்டே இருந்தது. ஆனால் சோறு வடித்தாள், மருந்தைக் குழைத்தாள், சாமி விளக்கை மட்டும் குழந்தைக்குப் பசிக்கிறது என்று அம்மாவை ஏற்றச் சொன்னாள்.

அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று எனக்குப் பயம். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அம்மா, சித்தி ஏன் இந்த மாசம்..."

"ஒரே கொடியில துணி காயுது. எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வாய மூடிக்கிட்டுப் போ. முடிச்சுத் தொலைக்கட்டும்."

சீக்கை மறைத்தாள் என்று நான்கு நாள் முணுமுணுத்த அதே அம்மா.

நாற்பத்தெட்டாம் கோடு விழுந்தது. அப்பா அம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். ஆறு நாள் கழித்து, களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது சித்தி முறத்தைக் கீழே வைத்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்க்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வாயைத் திறந்து, காற்றைக் கடித்து இழுத்தாள். உதடு நீலமாயிற்று. "முள்ளு" என்று சொல்லப் பார்த்தாள். அந்த ஒரு சொல்லுக்கும் மூச்சு இல்லை.

இனி யார் என்ன சொல்ல முடியும்? மருந்து பலிக்கவில்லை என்று சொல்வதானால், அவள் முழுசாகத் தின்றாள் என்று நிரூபிக்க வேண்டும். முழுசாகத் தின்றது எப்படி என்று சொன்னால், தீட்டில் தின்றாள், அதனால்தான் முறிந்தது என்பார்கள். வைத்தியரின் பொடிக்குத் தோல்வியே கிடையாது. இந்தப் பக்கம் சாட்சியாக நான் வேறு, மூச்சு வாங்காமல் மரம் ஏறிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா அவளை வடமதுரையில் விட்டுவிட்டு வந்தார். குழந்தை எங்கள் வீட்டில்.

நான் திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சி பஸ் ஏறி வடமதுரை போவேன். சித்தி ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பாள். "பாப்பா. என்ன பேசுது?"

"அம்மாங்குது, சித்தி."

"யார?"

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மாவைத்தான் அது அம்மா என்றது. சித்தி குனிந்து பாதத்தைப் பார்த்தாள்.

ஆறாவது மாதம், அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டு, அவளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்தேன். மலைக்கோட்டைக்குப் பின்னால் ஒரு தெருவில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். ஹாஸ்டலில் ஒரு பையனின் அக்காவுக்கு வைத்தியம் பார்த்தவர். சித்தியின் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, என்னை வெளியே போகச் சொல்லாமலே கேட்டார்: "மாசத்துல எந்த நாள்ல அதிகமா வருது?"

நோய் வந்து ஒன்பது வருடம். அவளிடமே ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. சித்தி என்னைப் பார்த்தாள். எரிந்துபோன பக்கங்கள் எனக்கு மனப்பாடம். சொன்னேன். டாக்டர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், திட்டவில்லை.

"இது ஆஸ்துமா. மூச்சுக்குழாய் உள்ளே சிவந்து வீங்கிக்குது. எங்கிட்ட வர்ற சின்னப் பிள்ளைங்கள்ல பையன்கள்தான் ஜாஸ்தி. மீசை அரும்புற வயசுல நிறையப் பேருக்குத் தானா அடங்கிடும். பொண்ணுங்களுக்கு அப்பத்தான் ஆரம்பிக்கும். சிலருக்கு அந்த நாளுக்கு முன்னாடி ஏறும். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா நிறையப் பேரைப் பார்த்துட்டேன்."

"அப்ப. இவனுக்கு நின்னது?" என்றாள் சித்தி.

"உனக்கும் இருந்துச்சா? எப்ப நின்னுச்சு?"

"பதிமூணு, பதினாலு வயசுல, டாக்டர்."

"மீசைக்குக் கும்பிடு போடு" என்றார் டாக்டர்.

சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் அவளுக்கு எதிராக நின்ற சாட்சி என் மேலுதட்டில் இருந்திருக்கிறது.

வெள்ளை மாத்திரைகள். இளைப்பு தலைகாட்டும் நாளிலிருந்து இத்தனை, தணிந்தபின் வேண்டாம். சாய்ப்பில் இருந்தாலும் தின்ன வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். பஸ் நிலையத்தில் சித்தி, "எம்புட்டு ஆச்சு?" என்று கேட்டாள். போக வர பஸ் கட்டணம், டாக்டர், மாத்திரை எல்லாம் கூட்டிச் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா?" என்றாள். பிறகு அந்தத் தொகையை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

முழுவதும் நிற்கவில்லை. ஆனால் மூன்று மாதம் உதடு நீலமாகவில்லை. செய்தி கேட்டுச் சித்தப்பா போய் அழைத்து வந்தார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "மண்டலம் மெதுவா வேலை செஞ்சிருக்குடா. நல்ல மருந்து அப்பிடித்தான்." நான் வாயைத் திறந்தேன். சித்தி கதவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

மாத்திரையைக் கடுகு டப்பாவில் புதைத்து வைத்திருந்தாள். "ஏன் சித்தி மறைக்கிறீங்க?" என்று கேட்டதற்குத் தவணை தவணையாகச் சொன்னாள்: "மாத்திரை தின்னா. சீக்காளி அப்பு. வைத்தியரு பொடியில நின்னா. வீட்டுப் பொம்பள. பாப்பா இப்பத்தான். எங்கிட்ட வருது."

வைத்தியருக்குக் காணிக்கை செலுத்த மறுபடி சிறுமலை போனோம். இந்த முறை சித்தியும் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. பஸ் விட்ட இடத்திலிருந்து மிளகுக் கொடி படர்ந்த தோட்டங்களுக்கு நடுவே ஏற்றம். இரண்டு இடத்தில் முள் தைத்தது. இரண்டாவது இடத்தில் சித்தப்பா குழந்தையை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். அப்பா வேட்டி, மலைப்பழம், தட்டில் ஐம்பத்தொரு ரூபாய் வைத்துக் கொடுத்தார். வெங்காயம் விற்ற பணம்.

அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கீழே ஏதோ ஊர்க்காரர். வைத்தியர் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"ஒங்க வீட்டுல வரலையா?" என்று அப்பா கேட்டார்.

"தூரம்ங்க. எளப்பு அவளுக்குத்தான். ரெண்டு நாளா மூச்சே விட முடியல."

"கவலைப்படாதீக" என்றார் வைத்தியர். எங்களைக் கை காட்டினார். "இந்தா, இந்தப் பயலுக்கு நின்னுச்சு. இந்தம்மாவுக்கும் நின்னுச்சு. கேட்டுப் பாருங்க."

அந்த ஆள் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சித்தி பாதத்தைத் திருப்பினாள். அங்கே முள் இல்லை என்பது எனக்குத் தெரியும். சற்று நேரம் தேடிவிட்டு, காலை இறக்கி ஊன்றினாள். மூத்தாருக்கு முன்னால், வைத்தியருக்கு முன்னால், அவள் குரல் முதன்முதலாகக் கேட்டது.

"அண்ணே. எனக்கு இதுல நிக்கல. திண்டுக்கல்லுல. லேடி டாக்டரு. மாத்திரை. தூரத்துலயும் திங்கலாம்."

அப்பாவின் வெற்றிலை மென்ற வாய் நின்றது. வைத்தியர் அந்த ஆளின் கையை விட்டுவிட்டார்.

அந்த ஆள் தயங்கி, "எம்புட்டும்மா ஆகும்?" என்றார்.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தோளில் தூங்கிய குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"சொல்லு. கேக்குறாருல்ல" என்றார்.

நான்கு சொல்லுக்கு மேல் போகாத சித்தி, நடுவில் எங்கும் நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னாள்:

"பஸ்ஸுக்கும் டாக்டருக்கும் மாத்திரைக்கும் எல்லாஞ் சேத்து ரெண்டு ரூவா முப்பது காசு."